முறைச்சாங்களா... முறையிடலாமா?

தீபாவளிக்கு இன்னும் எட்டே நாள். அந்த நேரத்தில் விளக்குத்தூண் பக்கம் போனால் நீங்கள் நடக்கவே வேண்டாம். கூட்டமே உங்களைத் தூக்கிக்கொண்டு போய் தெற்கு மாசி வீதியில் இறக்கிவிடும். "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா, சுடி, ஃபேன்சி, பட்டு எல்லாம் இருக்குக்கா..." என்று காலையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு கரகரத்துப் போன குரல்கள்.

காலேஜ் இரண்டாம் வருஷம். நானும் தோழிகள் இரண்டு பேரும் ஒரு துணிக்கடைக்குள் புகுந்தோம். பதினேழு சுடிதார் பிரித்துப் பார்த்தாச்சு. பதினெட்டாவதாக, மேல் தட்டில் இருந்த ஒரு மெரூனைக் காட்டி, "அக்கா, அதை எடுங்களேன்" என்றோம். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் நிமிரக்கூட இல்லை.

"வாங்குறதுன்னா சொல்லுங்கக்கா, எடுத்துப் போடுறேன். சும்மா பார்க்குறதுக்கெல்லாம் நேரமில்ல."

அவ்வளவுதான். எங்கள் செட்டில் ஒருத்திக்குக் கோபம் மூக்குக்கு மேல். "காசு குடுத்துத்தானே வாங்குறோம், ஓசியிலயா கேக்குறோம்? உங்க சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க!"

சூப்பர்வைசர் வந்தார். எங்களிடம் ஏகப்பட்ட மரியாதை. அந்தப் பக்கம் திரும்பியதும் குரலே வேறு. முப்பது பேர் வேடிக்கை பார்க்க, "சம்பளத்துல பிடிச்சாத்தான் உனக்கெல்லாம் புத்தி வரும்" என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினேழு சுடிதாரையும் ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே இருந்தாள். எங்களுக்கு மெரூனில் ஐம்பது ரூபாய் தள்ளுபடி கிடைத்தது. வெளியே வந்து ஜிகர்தண்டா குடித்து வெற்றியைக் கொண்டாடினோம். நியாயம் கெடச்சிருச்சுல்ல!

தீபாவளி முடிந்து, சைஸ் மாற்றுவதற்காக மறுபடி போனோம். அவள் இல்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டோம்.

"அவளாக்கா? தீபாவளிக்கு அப்புறமும் வச்சுக்கிறதாத்தான் இருந்துச்சு. யாரோ கம்ப்ளைன்ட் பண்ணிட்டாங்கன்னு நிறுத்திட்டாங்க. காலேஜ் ஃபீஸுக்குத்தான் வந்தா, பாவம்."

அந்த 'யாரோ' நாங்கள்தான். அவளும் எங்கள் வயசுதான். இத்தனைக்கும் ஒருத்தரை ஒருத்தர் 'அக்கா'ன்னு கூப்பிட்டுக்கொண்டோம்.

அப்படின்னா வாயை மூடிக்கிட்டு வரணுமா?

இருங்க பாஸ், அவசரப்படாதீங்க. கடைக்குப் போய் மூக்கறுபடாத ஸ்டூடன்ட் யாராவது உண்டா? ஜெராக்ஸ் கடையில், "ஃபைலை அனுப்பிட்டு தள்ளி நில்லுப்பா" என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த ஆபீஸருக்கு முதலில் பிரின்ட் எடுத்துக் கொடுப்பார்கள். மொபைல் கடையில் விலை கேட்டால், செருப்பிலிருந்து தலைவரை ஒரு முறை ஸ்கேன் செய்துவிட்டு, "அது காஸ்ட்லிப்பா" என்பார்கள். ஜிபே சுற்றிக்கொண்டே நின்றால் ஏதோ நாம்தான் திருடினது மாதிரி ஒரு பார்வை. 'ஸ்டூடன்ட்டுதானே, என்ன பண்ணிடப் போறாய்ங்க' என்கிற நினைப்பு!

ஆக, புகார் பண்ணலாமா கூடாதா என்பது கேள்வியே இல்லை. எதற்குப் பண்ணுவது, யார் மேல் பண்ணுவது என்பதுதான் கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் நாங்கள் செய்த தப்பு.

விடவே கூடாத இடங்கள்

சில விஷயங்களில் 'போனாப் போகுது' என்று வருவது பெருந்தன்மை இல்லை, பயம்.

ஆளைப் பார்த்து அவமதிப்பது முதல் விஷயம். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், உங்களுக்குக் கொடுக்க மாட்டோம், ஊரில் கட்டுப்பாடு என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அந்த வீடியோ வெளியே வந்ததும் கடைக்காரர் கைதானார், கடைக்கு சீல் வைத்தார்கள். 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டரில், கையில் டிக்கெட் இருந்தும் நரிக்குறவர் குடும்பம் ஒன்றை உள்ளே விட மறுத்தார்கள். அங்கே நின்ற ஒருவர் செல்போனில் எடுத்த காட்சி ஊரெல்லாம் பரவியது. அங்கிருந்தவர்கள் தட்டிக் கேட்ட பிறகுதான் படம் பார்க்க விட்டார்கள். இதெல்லாம் 'மரியாதைக் குறைவு' அல்ல, குற்றம். நமக்கு நடந்தாலும் சரி, பக்கத்தில் நிற்பவருக்கு நடந்தாலும் சரி, வாயைத் திறக்க வேண்டும்.

பெண்களிடம் அத்துமீறுவது இரண்டாவது. அளவெடுக்கிறேன், சைஸ் பார்க்கிறேன் என்று எல்லை தாண்டினால் சூப்பர்வைசரோடு முடித்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை அது. போலீஸுக்கே போகலாம். மகளிர் உதவி எண் 181.

மூன்றாவது, நம் காசு. எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது, பில் தர மறுப்பது, கிழிசலான துணியைத் தலையில் கட்டிவிட்டு 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' போர்டைக் காட்டுவது. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் வந்தது. 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் இந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் அவர்கள் திரும்ப எடுத்தாக வேண்டும். கவனியுங்கள், குறையுள்ள பொருளை! 'வீட்டுக்குப் போனதும் கலர் பிடிக்கல' என்பதெல்லாம் இதில் சேராது.

ஆனா, சிரிக்காத முகத்துக்கு?

அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. சிரிக்காத முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் நமக்குப் பொறுமை வேண்டும்.

அடுத்த தடவை துணிக்கடைக்குப் போனால், சுடிதாரைப் பார்ப்பதற்கு முன்னால் கவுன்டருக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இருக்கிறதா? மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து வந்து, கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கும் கால்கள் அவை. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-ல் வந்தபோது, சென்னை ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளின் கதையைப் பார்த்து எல்லோரும் அழுதோம். தியேட்டரை விட்டு வந்து அடுத்த வாரமே கடையில் போய், "இவ்வளவு ஸ்லோவா எடுத்துப் போடுறீங்க?" என்று கேட்டோம்!

இந்த 'நிற்பது' சின்ன விஷயம் இல்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், உட்காரவும் முடியாமல் கழிப்பறைக்குப் போகவும் முடியாமல் தவித்து, 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் பின்னால் திரண்டார்கள். வருஷக்கணக்கில் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையைக் கொடுத்தது. அடுத்தது நாம்தான். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவு சேர்த்தார்கள். ஒவ்வொரு கடையிலும் ஊழியர்களுக்கு உட்கார வசதி இருக்க வேண்டும்; வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். 1947-லிருந்து இருக்கும் அந்தச் சட்டம், சாதாரண வேலை நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றும் சொல்கிறது. தீபாவளி சீசனில் ராத்திரி கடை அடைக்கிற நேரத்தைப் பார்த்துவிட்டு, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிரிப்பதும் ஒரு வேலைதான். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஆர்லி ஹாக்‌ஷில்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். மனசுக்குள் என்ன ஓடினாலும் முகத்தில் சிரிப்பை வைத்திருப்பதும் உழைப்புதான், அதைத்தான் கம்பெனி விற்கிறது என்றார். பத்து மணி நேரம் சுடிதார் பிரித்துப் போடுவதோடு, பத்து மணி நேரம் சிரிக்கவும் வேண்டும். பதினொன்றாவது மணியில் அந்தச் சிரிப்பு தீர்ந்துபோன நேரத்தில்தான் நாங்கள் மெரூன் கேட்டோம்!

காந்தி சொன்னாரா?

கடைகளிலும் பேங்குகளிலும் ஒரு போர்டு பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளர்தான் நம் இடத்துக்கு வருகிற மிக முக்கியமான விருந்தாளி, அவர் நம்மை நம்பியில்லை, நாம்தான் அவரை நம்பியிருக்கிறோம் என்கிற அர்த்தத்தில் நாலு வரி. கீழே மகாத்மா காந்தி என்று பெயர். நாமும் அதைக் காட்டித்தான் சண்டை போடுகிறோம்.

ஆனால், காந்தியின் எழுத்துகளைத் துழாவியவர்களுக்கு இந்த வரிகள் அகப்படவே இல்லை. கிட்டத்தட்ட இதே வாசகம் 1941-ல் ஸ்டூடிபேக்கர் என்ற அமெரிக்கக் கார் கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர் பெயரில் அச்சாகியிருக்கிறது!

காந்திக்கும் நம்ம ஊர்த் துணிக்கும் இருக்கிற நிஜமான சம்பந்தம் மேல மாசி வீதியில் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று, அங்கே தங்கியிருந்த வீட்டில்தான் அவர் வழக்கமான உடையைக் களைந்து அரை வேட்டிக்கு மாறினார். கதர் வாங்கக்கூடக் காசில்லை என்று சொன்ன ஜனங்களை நினைத்து எடுத்த முடிவு அது. இன்று அந்தக் கட்டடத்தில் கதர் அங்காடி இருக்கிறது. துணி என்றதும் வாங்குகிறவரை மட்டும் நினைக்காமல், வாங்க முடியாதவரையும் நினைத்த மனுஷன் அவர். போர்டில் அவர் பெயரைப் போட்டு, கவுன்டருக்குப் பின்னால் நிற்கிற பெண்ணை முப்பது பேர் முன்னால் திட்டுவது என்ன நியாயம்?

ஜப்பானில் வாடிக்கையாளரைத் தெய்வம் என்றே சொல்வார்கள். அங்கேயே அந்தத் தெய்வங்களின் ஆட்டம் தாங்காமல், வாடிக்கையாளர் ஊழியரைக் கொடுமைப்படுத்துவதைத் தடை செய்து டோக்கியோ மாநகரம் 2024-ல் ஒரு விதி கொண்டுவந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. ஏப்ரல் ஃபூல் இல்லை, நிஜம்!

சரி, எப்படித்தான் கேட்கிறது?

முதலில் ஆளிடமே பேசுங்கள். "ஏங்க, கொஞ்சம் பொறுமையா சொல்லலாமே" என்று நேராகச் சொன்னால் நம்ம ஊரில் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். "காலையிலேர்ந்து நிக்கிறீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள், மீதிப் பாதியும் முடிந்துவிடும்.

மேலே சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், ஆளைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். 'அந்தப் பொண்ணு திமிரு' என்பது புகார் இல்லை. 'இவ்வளவு கூட்டத்துக்கு இந்த செக்‌ஷனில் ஒரே ஆள்தான், அரை மணி நேரம் நின்றோம்' என்பது புகார். முதலாவதில் அவள் வேலை போகும். இரண்டாவதில், அதிர்ஷ்டமிருந்தால், அவளுக்குத் துணைக்கு இன்னொரு ஆள் வரும்.

போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போட்டு ஊரையே திட்ட வைப்பது வேண்டாம். அநியாயத்துக்கு அத்தாட்சியாக வீடியோ எடுப்பது வேறு, எரிச்சலில் ஒரு முகத்தை ஊருக்குக் காட்டுவது வேறு. உங்கள் கோபம் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். அந்த முகம் அங்கேயேதான் கிடக்கும்.

காசு, பில், குறையுள்ள பொருள் என்றால் தயங்கவே வேண்டாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். 1915-க்குப் போன் போடுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பிரச்னை நடந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். உங்கள் காலேஜில் குடிமக்கள் நுகர்வோர் மன்றம் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தில் கட்டுரைப் போட்டி நடத்துவதோடு சரி என்று தூங்கிக்கொண்டிருந்தால், எழுப்பி விடுங்கள்.

கடைசியாக ஒன்று. கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இல்லையா? அதுதான் உண்மையான புகார். பில் போடும்போது கல்லாவில் இருப்பவரிடம், "ஏண்ணே, இவங்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடக் கூடாதா? சட்டமே இருக்குல்ல" என்று கேளுங்கள். வாங்குகிறவர் கேட்டால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. கேட்ட பெண்ணின் சம்பளத்தில் யாரும் பிடிக்க முடியாது, ஏனென்றால் கேட்டது அவள் இல்லை.

அன்றைக்கு நாங்கள் சைஸ் மாற்றாமலேயே திரும்பி வந்துவிட்டோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்ட் போகும் வரைக்கும் மெரூன் சுடிதார் பையை ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்கு மாற்றிக்கொண்டே நடந்தோம். போன தீபாவளிக்கு மறுபடி அதே வீதி, அதே கூட்டம். ஒரு கடையில் கல்லாக்காரரிடம் ஸ்டூல் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். அடுத்த கடையில் சிரித்தார்கள். மூன்றாவது கடையில் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. கவுன்டருக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"உட்காருங்கக்கா... நாங்க பைய பார்க்குறோம்."