குட்டிப் பூனைக்குப் பின்னங்கால் தளர்ச்சி: காரணமும் கவனிப்பும்

நெல் மூட்டையும் கடலை மூட்டையும் அடுக்கி வைத்துள்ள வீட்டில் பூனை ஒரு சம்பளமில்லாத காவலாள். மாடோ ஆடோ நொண்டினால் உடனே கால்நடை மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்கிறோம். பூனைக்குட்டி பின்னங்காலை இழுத்து நடந்தால், ‘எங்கோ விழுந்திருக்கும்’ என்று விட்டுவிடுகிறோம். அடிபடுவதும் ஒரு காரணம்தான். ஆனால் 2 முதல் 6 மாதக் குட்டிகளில் உணவுக் குறைவையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உணவினால் வரும் தளர்ச்சி

தழைச்சத்தை மட்டும் அள்ளி இட்டால் நெற்பயிர் சாய்ந்துவிடும் என்பது தாங்கள் அறிந்ததே. எலும்பு வளர்ச்சியிலும் சத்துக்களின் விகிதமே முக்கியம். வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் ஏறக்குறைய சம அளவில் தேவை. எலும்பு நீக்கிய இறைச்சியிலோ சுண்ணாம்புச் சத்து 1 பங்கு என்றால் மணிச்சத்து ஏறத்தாழ 20 பங்கு இருக்கும். ஈரலில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் அதிகம். சோற்றிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு.

இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால், கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் தூண்டப்பட்டு எலும்பிலிருந்து அதை உருவி எடுக்கின்றன. எலும்பு மெலிந்து, சாதாரணமாகத் தாவும்போதே கால் முறியலாம். முதுகெலும்பு நசுங்கினால் பின்னங்கால்கள் செயலிழக்கும். குட்டி தாவ மறுப்பதும், தூக்கினால் கத்துவதும் முதல் அறிகுறிகள். எலியை எலும்போடு முழுதாகத் தின்னும் பூனைக்கு இக்குறை வருவது அரிது.

செய்ய வேண்டியவை

1. குட்டியைத் தாவ முடியாதபடி கூண்டிலோ பெட்டியிலோ மெத்தென்ற துணியில் விட்டு ஓய்வு கொடுங்கள்.

2. வெறும் இறைச்சி, ஈரல், சோறு கொடுப்பதை நிறுத்துங்கள். குட்டிப் பூனைகளுக்கென விற்கும் சரிவிகித உணவே சிறந்தது. கிடைக்காவிட்டால் நெத்திலி போன்ற சிறு மீனை முள்ளோடு நன்கு வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். சில பச்சை மீன்கள் உயிர்ச்சத்து பி1-ஐ அழித்துத் தள்ளாட்டத்தை உண்டாக்கும். எனவே வேகவைப்பது அவசியம்.

3. சுண்ணாம்புச் சத்து மருந்தையும் உயிர்ச்சத்து டி-யையும் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவிலேயே கொடுங்கள். உயிர்ச்சத்து டி மிகுந்தால் நஞ்சாகும்.

உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

இரு பின்னங்கால்களும் திடீரெனச் செயலிழந்து, பாதம் சில்லென்று இருந்தால் இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். சிறுநீர் கழிக்காமல் இருந்தால் தண்டுவடத்தில் அடிபட்டிருக்கலாம். பலகையில் கிடத்தி, அசையாமல் கொண்டு செல்லுங்கள். ஈறு வெளுத்துத் தளர்ந்தால், புரோமாடியோலோன் மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றிருக்கலாம். இதற்கு உயிர்ச்சத்து கே1 மாற்று மருந்து உண்டு. எலி மருந்து வைத்த நாட்களில் பூனையை அடைத்து வையுங்கள். செத்த எலிகளைப் புதைத்துவிடுங்கள்.

கண்டிப்பாகச் செய்யக்கூடாதவை

வலிக்கென்று பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கும் மாட்டிற்கும் போடும் பெர்மெத்ரின் போன்ற உண்ணி மருந்துகளைப் பூனைக்குப் பூசாதீர்கள். இவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் உடலுக்கு மிகக் குறைவு.

வெறிநோய் எச்சரிக்கை

கால் தளர்ச்சியோடு எச்சில் வடிதல், விழுங்க முடியாமை, குரல் மாற்றம், காரணமின்றிச் சீறுதல் ஆகியவை இருந்தால் வெறிநோயாக இருக்கலாம். வெறுங்கையால் தொட வேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ, புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

எலும்பு முறிந்து தண்டுவடம் கெடுவதற்கு முன் உணவைத் திருத்தினால், பெரும்பாலான குட்டிகள் சில வாரங்களில் தேறிவிடும். எனவே குட்டி தாவத் தயங்கும் நாளிலேயே கவனியுங்கள்.