தொட்டில் வாங்க அளவுகோல் எதற்கு?

வீட்டில் தம்பியோ தங்கையோ பிறக்கப்போகிறதா? லிட்டில் இந்தியாவில் தொட்டில் பார்க்கப் பெற்றோருடன் செல்லும்போது ஓர் அளவுகோலையும் எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அது 6 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்பங்கு தலைதான். இடைவெளி அகலமானால் உடல் நழுவிவிடும், தலை சிக்கிக்கொள்ளும். பெற்றோர் கட்டிலோடு இணைக்கும் தொட்டில் என்றால், இரு மெத்தைகளுக்கும் இடையே சந்தே இருக்கக்கூடாது.

அடுத்து, மெத்தையை அழுத்துங்கள். கையை எடுத்ததும் குழி இருக்கக்கூடாது. சுற்றியுள்ள காற்றில் கரியமிலவாயு 0.04 விழுக்காடுதான்; நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 விழுக்காடு. மெத்தென்ற துணியில் முகம் புதைந்தால், குழந்தை தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். அதனால் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் தொட்டிலில் வேண்டாம்.

பாட்டி கட்டும் சேலைத் தூளி? சாரோங் தொட்டில்? துணி வளைந்தால் முதுகும் வளையும். பாரமான தலை முன்னே சாய்ந்து, தாடை நெஞ்சைத் தொட்டால் குறுகலான மூச்சுவழி அடைபடலாம். 10 டிகிரிக்குமேல் சாய்வான குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022இல் சட்டம் இயற்றித் தடைசெய்ததும் இதனால்தான். அழுகையை அமர்த்தத் தூளி உதவலாம். தூங்குவதற்குத் தட்டையான, உறுதியான மெத்தையே பாதுகாப்பு.

எந்தத் தொட்டிலானாலும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். 1994இல் அமெரிக்காவில் இதற்கான இயக்கம் தொடங்கிய பிறகு, உறக்கத்தில் நேரும் திடீர்க் குழந்தை மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.

இதைப் பாட்டிக்கு எடுத்துச் சொல்வது உங்கள் வேலை. அவருடைய தாலாட்டு மட்டும் எப்போதும் போலவே தொடரட்டும்!