கலிபோர்னியா பள்ளி மாவட்டங்களின் ஒருங்கிணைந்த நிதி அறிக்கை முறை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அரசுப் பள்ளிகளைப் பள்ளி மாவட்டங்கள் நடத்துகின்றன. பள்ளி மாவட்டம் என்பது வருவாய் மாவட்டம் போன்றதன்று. அது தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி வாரியமும் தனி வரவு செலவுத் திட்டமும் கொண்ட உள்ளாட்சி அமைப்பு. மாநிலத்தில் இத்தகைய மாவட்டங்கள் ஏறத்தாழ 1,000 உள்ளன. அவை அனைத்தும் ஒரே கணக்குக் குறியீட்டில், குறிப்பிட்ட நாள்களுக்குள் தம் நிதிநிலையை மேல்நிலை அமைப்புகளுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடே ஒருங்கிணைந்த நிதி அறிக்கை முறை. ஒரு மாவட்டத்தில் பணம் தீர்ந்து போவதை, அங்குள்ள பள்ளிகள் மூடப்படும் நிலை வருவதற்கு முன்பே கண்டறிவது இதன் முதன்மை நோக்கம்.

பின்னணி

1991ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ரிச்மண்ட் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டத்தில் நிதி தீர்ந்தது. கல்வியாண்டு முடிய ஆறு வாரங்கள் இருக்கும்போதே பள்ளிகளை மூடப்போவதாக மாவட்டம் அறிவித்தது. இதனால் 30,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட இருந்தனர். பெற்றோர் நீதிமன்றத்தை நாடினர். பள்ளிகளைத் திறந்து வைக்க மாநில அரசு வழி செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. மாநிலம் அவசரக் கடன் வழங்கியது. உள்ளூர் வாரியத்தின் நிர்வாகக் குறைபாட்டுக்காக மாணவர்களின் அடிப்படைக் கல்விச் சமத்துவம் பறிபோகக் கூடாது என்றும், அதற்கான இறுதிப் பொறுப்பு மாநிலத்துடையது என்றும் மாநில உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது.

பொறுப்பு மாநிலத்துடையது என்றால், சிக்கல் எங்கே உருவாகிறது என்பதும் மாநிலத்துக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். 1991இல் நிறைவேறிய சட்டமன்ற மசோதா 1200 இதற்கு வழி வகுத்தது. மாவட்டங்களின் நிதியை மேற்பார்வையிடும் அதிகாரம் கவுண்டி கல்வி அலுவலகங்களுக்குக் கிடைத்தது. நெருக்கடியில் உள்ள மாவட்டங்களுக்கு உதவத் தனி வல்லுநர் குழுவும் அமைக்கப்பட்டது.

பொதுக் கணக்குக் குறியீடு

ஒவ்வொரு மாவட்டமும் தன் போக்கில் கணக்கு எழுதினால் அவற்றை ஒப்பிட முடியாது. ஒருவர் ‘பயிற்சிச் செலவு’ என்று எழுதுவதை மற்றொருவர் ‘சம்பளம்’ என்று எழுதலாம். இதைத் தவிர்க்க உருவான பொதுக் குறியீடு 22 இலக்கங்களும் ஏழு பகுதிகளும் கொண்டது.

• நிதியம் (2 இலக்கம்): பணம் எந்த நிதியத்தைச் சேர்ந்தது
• மூலவளம் (4): எந்தத் திட்டத்தின் பணம், அதற்குக் கட்டுப்பாடு உண்டா
• திட்ட ஆண்டு (1)
• இலக்கு (4): எந்தக் கல்விப் பிரிவுக்காக
• செயற்பாடு (4): கற்பித்தல், போக்குவரத்து, உணவு போன்ற பணி
• பொருள் (4): சம்பளம், நூல்கள், கருவிகள் போன்ற செலவு வகை
• பள்ளி (3)

எடுத்துக்காட்டாக, நிதியம் 01 என்பது பொது நிதியம். மூலவளம் 3010 என்பது வறிய மாணவர்களுக்கான கூட்டரசு உதவி. இலக்கு 1110 என்பது பொதுக் கல்வி. செயற்பாடு 1000 என்பது கற்பித்தல். பொருள் 1100 என்பது ஆசிரியர் சம்பளம். இவற்றைச் சேர்த்துப் படித்தால், யாருக்கு வந்த பணம் எதற்குச் செலவானது என்பது ஒரே வரியில் விளங்கும். வறிய மாணவர்களுக்கான நிதியை வேறு பணிக்குத் திருப்பினால் அதுவும் தெரியவரும்.

ஆண்டுச் சுழற்சி

நிதியாண்டு சூலை 1 முதல் சூன் 30 வரை. அதற்குள் மாவட்டம் பின்வருவனவற்றைச் செய்ய வேண்டும்.

• சூலை 1க்குள் வரவு செலவுத் திட்டத்தை ஏற்பது
• அக்டோபர் 31 வரையிலான நிலையைக் காட்டும் முதல் இடைக்கால அறிக்கை
• சனவரி 31 வரையிலான நிலையைக் காட்டும் இரண்டாம் இடைக்கால அறிக்கை
• ஆண்டு முடிந்தபின், செப்டம்பரில் தணிக்கைக்கு முந்தைய இறுதிக் கணக்கு

ஒவ்வோர் இடைக்கால அறிக்கையிலும் மாவட்டம் தனக்குத் தானே மூன்றில் ஒரு சான்று அளிக்கிறது. நடப்பு ஆண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் கடமைகளை நிறைவேற்ற முடியும் என்றால் அது நேர்நிலைச் சான்று. முடியாமல் போகலாம் என்றால் நிபந்தனைச் சான்று. நடப்பு ஆண்டின் எஞ்சிய பகுதியிலோ அடுத்த ஆண்டிலோ முடியாது என்றால் எதிர்மறைச் சான்று. மாவட்டத்தின் சான்றைக் கவுண்டி அலுவலகம் ஆராய்ந்து, ஏற்காவிட்டால் மாற்றலாம். கையில் இன்று பணம் இருக்கும் மாவட்டமும், மூன்றாம் ஆண்டுக் கணக்கு உதைத்தால் எச்சரிக்கை பெறும்.

வரம்புகள்

அறிக்கை சிக்கலைக் காட்டும், தீர்க்காது. கலிபோர்னியாவில் மாநில நிதி பெரும்பாலும் மாணவர்களின் சராசரி வருகையைப் பொறுத்தது. வருகை மதிப்பீடு தவறினால் மூன்று ஆண்டுக் கணிப்பு முழுவதும் தவறும். குறியீட்டைத் தவறாகப் பதிந்தாலும் கணினி பல நேரங்களில் அதை ஏற்றுக்கொள்ளும். இம்முறை நடைமுறைக்கு வந்த பிறகும், 2003இல் ஓக்லாண்ட் மாவட்டத்துக்கு 100 மில்லியன் டாலர் வரை கடன் தர மாநிலம் சட்டமியற்ற நேர்ந்தது. அப்போது உள்ளூர் வாரியம் தன் அதிகாரத்தை இழந்து, மாநிலம் நியமித்த நிர்வாகி பொறுப்பேற்றார்.

சம்பள உயர்வு, பள்ளி இணைப்பு, பணியிடக் குறைப்பு ஆகியவற்றை முடிவு செய்வது இன்றும் உள்ளூர் வாரியமே. மையத்துக்குச் செல்வது கணக்கு மட்டுமே. அறிக்கைகள் வாரியத்தின் பொதுக் கூட்டத்தில் வைக்கப்படுவதால், பெற்றோரும் ஆசிரியரும் அவற்றைப் படித்துக் கேள்வி எழுப்ப முடிகிறது. சான்று நேர்நிலையிலிருந்து நிபந்தனைக்கு இறங்கும் காலத்திலேயே அக்கேள்விகள் எழுந்தால், பள்ளிகள் மூடப்படும் நிலை வராமல் தடுக்க அவகாசம் இருக்கும்.