கம்பெனிகளின் தர்மமும் கிராம ஏரிகளும்

சைதாப்பேட்டை என்னும் பெயர் நமது விவசாயிகளுக்குப் புதியதன்று. சென்னை சர்க்கார் 1865-இல் சோதனைப் பண்ணையையும், 1876-இல் விவசாயப் பள்ளிக்கூடத்தையும் நிறுவியது அவ்வூரிலேயாம். அவற்றிற்கு வெகுகாலம் முன்னரே, 1726-இல், கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வர்த்தகர் அங்கே அடையாற்றின் குறுக்கே தம் சொந்தப் பணத்தில் பாலம் ஒன்று கட்டுவித்தார். அதற்கு 30,000 வராகன் செலவாயிற்று என்பர். அத்துடன் நில்லாமல், பாலத்தின் பராமரிப்புக்கென 1,500 வராகனைத் தனியே ஒதுக்கியும் வைத்தார். அப்பாலத்துக்குப் பதிலாக மறைமலை அடிகள் பாலம் எழுந்தது 1960-களிலேதான். தர்மத்தைச் செய்வதுடன் அதைக் காப்பதற்கும் வழி செய்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் அறியத்தக்கது.

நிற்க. இக்காலத்தில் பெரிய கம்பெனிகள் பொது நன்மைக்குப் பொருள் செலவிடுவது சட்டப்படியான கடமையாகும். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் அமலில் இருந்து வருகிறது. முந்திய வருஷத்தில் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் பெற்ற கம்பெனி, தனது முந்திய மூன்று வருஷ சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 வீதம் இவ்வாறு செலவிட வேண்டும். தான் தொழில் நடத்தும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முதன்மை தரவேண்டும் என்பதும் விதி. கிராம அபிவிருத்தியும் நீர்நிலைப் பாதுகாப்பும் இதில் அடங்கும். கம்பெனிச் சிப்பந்திகள் விடுமுறை நாளில் மண்வெட்டியுடன் ஏரிக்கு வந்து உழைப்பதும் உண்டு. அவ்வுழைப்புக்கு விலை மதித்து அதனை மேற்படி தொகையில் சேர்த்துக்கொள்ள இடமில்லை. ஆகவே அது முற்றிலும் உபகாரமே.

நகரத்தாருக்கு நமது ஏரியில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். செம்பரம்பாக்கம் முதலிய பல ஏரிகளின் உபரி நீர் அடையாற்றிலேயே சேர்கிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறு பெருகிச் சைதாப்பேட்டையில் வீடுகளுக்குள் புகுந்ததை யாவரும் அறிவர். மேலே உள்ள கரையும் கலிங்கும் சீராயிருத்தல் கீழே உள்ளவருக்கும் க்ஷேமம்.

ஆனால் ஒரு குறை உண்டு. விதிகளின்படி ஒரு தொடர் வேலைக்குக் கிடைக்கும் அவகாசம், தொடங்கிய வருஷம் நீங்கலாக மூன்று வருஷமே. ஏரிக்கோ வருஷந்தோறும் மராமத்து வேண்டும். சிப்பந்திகள் ஒருநாள் வெட்டிய சீமைக்கருவேல், வேர் நீக்காவிடில் மீண்டும் தழைக்கும், வரத்துக்கால் தூர்ந்துவிடும்.

ஆதலின், கம்பெனியார் உதவ முன்வருங்கால் கிராமத்தார் கவனிக்க வேண்டியவை இவை. ஏரி நீர்வள இலாகாவைச் சேர்ந்ததா, பஞ்சாயத்தைச் சேர்ந்ததா என்றறிந்து முதலில் அனுமதி பெறுக. நீர் வற்றிய கோடையில் வேலையைத் தொடங்குக. தூர் எடுப்பதுடன் வரத்துக்கால், மதகு, கலிங்கு மூன்றையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுக. கிடைக்கும் வண்டலை அனுமதியுடன் வயலுக்கு உரமாக்குக. எல்லாவற்றிலும் முக்கியமாக, பராமரிப்புக்கென ஒரு பகுதியை முதலிலேயே கேட்டுப் பெறுக. பின்னர் ஆயக்கட்டுதாரர் ஒவ்வொருவரும் வருஷத்தில் சில நாள் உழைப்பதென முடிவு செய்துகொள்க. குடிமராமத்து நம் முன்னோர் வழக்கமன்றோ? பாலத்துக்கு உஸ்கான் 1,500 வராகன் வைத்தார். ஏரிக்கு நாம் வைக்கத்தக்க மூலதனம் நமது உழைப்பேயாம்.