அட்டை தொலைந்தால் பணமும் தொலையுமா?

"சார், பேங்க் கார்டு தொலைஞ்சா அதுக்குள்ள இருக்கிற காசும் போயிடுமா?"

மின்காந்தத் தூண்டல் பாடம் முடிந்ததும் உயர்நிலை நான்கில் படிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவருடைய டெபிட் அட்டை இரண்டு நாள்களுக்கு முன்பே காணாமல்போயிருந்தது. திட்டு விழும் என்று வீட்டில் சொல்லவில்லை. "பைக்குள்ள எங்கேயாவது இருக்கும்" என்று காத்திருந்தார்.

அவரது கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. எந்த அட்டை என்பதைப் பொறுத்தது அது.

பணம் இருப்பது எங்கே?

காலை நேரத்தில் ஈசூன் எம்ஆர்டி நிலைய நுழைவாயிலைக் கவனியுங்கள். ஒருவர் பழைய வகை ஈசிலிங்க் அட்டையைத் தட்டுகிறார். அடுத்தவர் வங்கி அட்டையைத் தட்டுகிறார். இருவருக்கும் கதவு ஒரே மாதிரிதான் திறக்கிறது. ஆனால், உள்ளே நடப்பவை வெவ்வேறு.

பழைய வகை ஈசிலிங்க், நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளில் மீதித்தொகை அட்டையின் சில்லிலேயே எழுதப்பட்டிருக்கும். நுழைவாயில் அதைப் படித்து, கட்டணத்தைக் கழித்து, புதிய தொகையை அங்கேயே எழுதிவிடும். அது பணப்பை போன்றது. தொலைந்தால், எடுத்தவர் கையில் அந்தத் தொகை இருக்கும்.

வங்கி அட்டையின் சில்லில் உங்கள் சேமிப்பில் ஒரு காசுகூட இல்லை. பணம் வங்கியின் கணினியில் ஒரு கணக்காக இருக்கிறது. அட்டை அந்தக் கணக்கைத் திறக்கும் சாவி மட்டுமே. சிம்ப்ளிகோ முறையும் இப்படித்தான். மீதித்தொகை அட்டையில் இல்லாததால்தான் சிம்ப்ளிகோவில் நுழைவாயில் திரை அதைக் காட்டுவதில்லை.

2024 ஜனவரியில் பழைய வகை அட்டைகளை நிறுத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தபோது பலர் வருந்தியதற்கு இதுவே முக்கியக் காரணம். சில நாள்களிலேயே அந்த முடிவு கைவிடப்பட்டது. பழைய முறையைத் தொடர்வதற்கு 40 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. பார்த்தவுடன் தெரியும் மீதித்தொகை ஒரு வசதி; தொலைந்தாலும் முடக்கிக் காப்பாற்றக்கூடிய பணம் இன்னொரு வசதி. இரண்டும் ஒரே அட்டையில் கிடைப்பது கடினம்.

மின்கலம் இல்லாத கணினி

வங்கி அட்டையில் தங்கநிறத்தில் தெரியும் சிறு தகடு ஒரு குட்டிக் கணினியின் முகம். அதற்கு மின்கலம் இல்லை. அட்டையின் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று ஓடுகிறது. கடையிலுள்ள கருவி விநாடிக்கு 13.56 மில்லியன் முறை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. சில சென்டிமீட்டர் அருகே சுருள் வந்ததும் அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, சில்லு விழித்துக்கொள்கிறது. 1831இல் மைக்கல் ஃபாரடே கண்டறிந்த அதே தூண்டல்தான் இது.

சேதமடைந்த அட்டைகளின் புதிருக்கும் இங்கே விடை இருக்கிறது. செருகினால் வேலை செய்யும், தட்டினால் செய்யாது என்றால், பெரும்பாலும் சுருள் அறுந்திருக்கும். பின்சட்டைப்பையில் வைத்து உட்காரும்போது அட்டை வளைந்து வளைந்து விரிசல் விடுவது இதற்கு ஒரு காரணம். கைப்பையின் காந்தப் பூட்டு சில்லை ஒன்றும் செய்யாது. பின்புறக் கறுப்புப் பட்டையில் உள்ள தகவலைத்தான் அது அழிக்கக்கூடும்.

பட்டையும் சில்லும்

அந்தக் கறுப்புப் பட்டை ஒலிநாடா போன்றது. அதில் உள்ள தகவல் ஒருபோதும் மாறாது. படிக்க முடிந்தால் நகலெடுக்கவும் முடியும். 2012இன் தொடக்கத்தில் டிபிஎஸ், பிஓஎஸ்பி வாடிக்கையாளர்கள் நூற்றுக்கணக்கானோரின் பணம் மலேசியாவில் எடுக்கப்பட்டது. பூகிஸ் வட்டாரத்து ஏடிஎம்களில் ரகசியமாகப் பொருத்தப்பட்ட கருவிகள் அட்டைகளின் தகவலைத் திருடியிருந்தன. அட்டைகள் அனைத்தும் உரியவர்களின் பைகளிலேயே இருந்தன. இழந்த பணத்தை வங்கி ஈடுசெய்தது. இன்று வெளிநாடு செல்லுமுன் பட்டைப் பயன்பாட்டை நாமே செயல்படுத்த வேண்டியிருப்பது இத்தகைய திருட்டைத் தடுக்கத்தான்.

சில்லை இப்படி நகலெடுக்க முடியாது. அதனுள் ஒரு ரகசிய எண் இருக்கிறது. அது ஒருபோதும் வெளியே வராது. ஒவ்வொரு முறை பணம் செலுத்தும்போதும், தொகை, தேதி, கருவி அனுப்பும் தற்செயல் எண், எத்தனையாவது பரிவர்த்தனை என்ற எண்ணிக்கை ஆகியவற்றை அந்த ரகசிய எண்ணோடு கலந்து சில்லு ஒரு புதிய குறியீட்டைக் கணக்கிடுகிறது. வங்கியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை பொருந்தினால் அட்டை உண்மையானது. ஒட்டுக்கேட்டவருக்குக் கிடைப்பது ஒருமுறைக்கு மட்டுமே உதவும் விடை.

அப்படியென்றால் ஏன் பதற வேண்டும்?

சில்லு தன்னை நிரூபிக்கிறது; தன்னைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பது அதற்குத் தெரியாது. சிறு தொகைகளுக்குக் கடவு எண் கேட்கப்படுவதில்லை. எனவே, அட்டையை எடுத்தவர் தட்டித் தட்டி வாங்கலாம். அட்டையில் அச்சிட்ட எண்களை வைத்து இணையத்திலும் முயலலாம். கடன் அட்டையில் முதலில் செலவாவது வங்கியின் பணம். டெபிட் அட்டையில் உடனே கரைவது உங்கள் சேமிப்பு.

தொலைந்ததாக நீங்கள் அறிவித்ததும் வங்கியின் கணினியில் அந்த அட்டை எண் முடக்கப்படுகிறது. எங்கோ கிடக்கும் சில்லுக்கு இந்தச் செய்தி போய்ச் சேராது. அது இன்னமும் சரியான விடையையே கணக்கிடும். வங்கிதான் "முடியாது" என்று மறுக்கும். பிறகு புதிய எண்ணும் புதிய ரகசியமும் கொண்ட அட்டை வருகிறது. கணக்கு எண் மாறுவதில்லை. வீடு அதே வீடுதான், பூட்டும் சாவியும் புதியவை. வெறும் சேதம் என்றால் ரகசியம் யார் கைக்கும் போகவில்லை. அதனால் பழைய எண்ணிலேயே மாற்று அட்டை தரப்படுவதும் உண்டு.

செய்ய வேண்டியவை

முதலில் வங்கியின் செயலியில் அட்டையைத் தற்காலிகமாகப் பூட்டுங்கள். தேடிக் கிடைத்தால் திறந்துகொள்ளலாம். ஆகவே, "இருக்கும், பார்ப்போம்" என்று பூட்டாமல் காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை.

கிடைக்காவிட்டால் தொலைந்ததாக அறிவித்து மாற்று அட்டை கேளுங்கள். பிறகு பழையது கிடைத்தாலும் பயன்படாது. சில்லோடு சேர்த்து வெட்டிப் போடுங்கள்.

நீங்கள் செய்யாத செலவு கணக்கில் தெரிந்தால் வங்கிக்கு உடனே தெரிவியுங்கள். திருட்டு என்றால் காவல்துறையிடமும் புகார் செய்யுங்கள்.

வங்கியின் அவசர எண் அட்டையின் பின்புறம்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. அட்டையே போனபின் அதை எங்கே பார்ப்பது? இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணை நம்பி அழைக்க வேண்டாம்.

புதிய அட்டை வந்ததும் மாதச் சந்தாக்களிலும் சிம்ப்ளிகோ கணக்கிலும் புதிய எண்ணைப் பதியுங்கள்.

அந்த மாணவர் அன்று மாலையே அம்மாவிடம் சொன்னார். இருவரும் சேர்ந்து வங்கியை அழைத்தார்கள். அந்த இரண்டு நாள்களில் யாரோ இரண்டு முறை தட்டியிருந்தார்கள். தொகை பெரிதல்ல. முதல் நாளே சொல்லியிருந்தால் அதுவும் போயிருக்காது. பிள்ளைகள் கையில் அட்டையைக் கொடுக்கும் பெற்றோர், "தொலைந்தால் திட்ட மாட்டேன், உடனே சொல்" என்ற வார்த்தையையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.