ராஜபாளையத்துச் சங்கும் ரஷ்யப் படமும்

ஆலைச் சங்கு ஊதுகிறது. தூக்குச்சட்டியும் கையுமாக ஆணும் பெண்ணும் விரைகிறார்கள். 1936-இல் ராஜபாளையம் மில் தோன்றிய நாள் தொட்டு அவ்வூருக்குப் பழகிப்போன காட்சி இது. ஆனால் இதைத் திரையில் கண்டதுண்டா? பெரும்பாலான படங்களில் கதாநாயகன் ஆலைத் தொழிலாளி என்று சொல்லுவார்கள், ஆலையைத்தான் காணோம்!

ஆலையையும் அதில் உழைப்பவனையும் கதையின் நடுவே நிறுத்தியது ரஷ்யப் படம். 1925-இல் ஐசன்ஸ்டீன் எடுத்த 'வேலைநிறுத்தம்' முழுவதும் ஓர் ஆலையின் கதைதான். சோவியத் நாடு 1991-இல் சிதறிவிட்டது. அந்நாட்டார் சினிமாவுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை மட்டும் சிதறவில்லை.

பால்கோவா உதாரணம்

அது என்ன வித்தை? பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரை வைத்தே சொல்லிவிடலாம். ஒருவன் முகத்தைப் படம் பிடிக்கிறார்கள். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, வெறும் முகம். அதை அடுத்து ஒரு தட்டுப் பால்கோவாவைக் காட்டினால், "பாவம், பசி!" என்போம். பால்கோவாவை எடுத்துவிட்டு ஒரு பாடையைக் காட்டினால், "எப்படிக் கலங்கி நிற்கிறான்!" என்போம். விளையாடும் குழந்தையைக் காட்டினாலோ, "அப்பனுக்கு எத்தனை பூரிப்பு!" முகம் என்னவோ ஒன்றுதான்!

பால்கோவாவுக்குப் பதில் சூப்பும், பாடைக்குப் பதில் சவப்பெட்டியும் வைத்து இதைச் செய்து பார்த்தவர் ரஷ்யாவின் குலெஷோவ். அவருடைய சீடர் புடோவ்கின், கார்க்கியின் 'தாய்' நாவலை 1926-இல் படமாக்கினார். தமிழில் ரகுநாதன் மொழிபெயர்த்தாரே, அதே 'தாய்'தான். அதில் தொழிலாளர் ஊர்வலம் வருகிறது. ஆற்றில் உறைந்து கிடந்த பனிக்கட்டி உடைந்து நகர்கிறது. இரண்டையும் மாறி மாறி ஒட்டினார் புடோவ்கின். மௌனப் படம், பேச்சு ஒன்றும் கிடையாது. ஆயினும் காலம் மாறுகிறது என்பது பார்ப்பவனுக்குப் பளிச்சென்று விளங்கிவிடுகிறது.

தமிழுக்கு வந்த வழி

1951-இல் புடோவ்கின் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் 'சின்னமூல்' என்ற வங்காளிப் படத்தைப் பார்த்தார். நாட்டுப் பிரிவினையால் மண்ணை விட்டுக் கிளம்பிய குடியானவர்களின் கதை அது. உண்மையான அகதிகளே சில காட்சிகளில் தோன்றினார்கள். மனம் நெகிழ்ந்த புடோவ்கின், அப்படம் ரஷ்யாவில் திரையிடப்பட வழி செய்தார்.

அதன் டைரக்டர் நிமாய் கோஷ் பின்னர் சென்னையில் குடியேறினார். 1960-இல் 'பாதை தெரியுது பார்' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். தொழிலாளரின் வாழ்வே கதை. இசை எம். பி. சீனிவாசன். பாட்டெழுதியவர்களில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் ஜெயகாந்தனும் உண்டு. தேசிய விருதுகளில் நற்சான்றிதழும் கிடைத்தது. பாட்டுகள் நிலைத்தன, படமோ வசூலில் தோற்றது!

ஷிப்டு முடிந்து அலுத்து வருகிறவனுக்குப் பொழுதுபோக்கு வேண்டாமா என்பார்கள். வேண்டியதுதான். ஆனால் தன் முகத்தையும் ஒரு முறை திரையில் பார்த்துக்கொள்ள அவனுக்கு ஆசை இராதா? அந்த முகத்தை அடுத்து எதைக் காட்டுவது என்பதைப் படம் எடுப்பவர்கள்தாம் யோசிக்க வேண்டும்.