பால்மரப் பலகையில் ஒரு மாயப் பெட்டி: மேடை வித்தைக்குப் பின்னால் இருக்கும் தச்சு வேலை

திருமண விருந்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் மேஜிக் காட்டுபவரின் கையைத்தான் எல்லாரும் உற்றுப் பார்ப்பார்கள். கை செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதியை ஒரு தச்சர் பல வாரங்களுக்கு முன்பே இழைப்புளியும் மூலைமட்டமும் கொண்டு முடித்திருப்பார். அழைப்பிதழில் அவர் பெயர் வராது. வேலை சரியாக அமைந்திருந்தால், அங்கே ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது.

தமிழுக்கு இது புதிய செய்தி அல்ல. செப்படி வித்தை என்ற சொல்லிலேயே 'செப்பு' இருக்கிறது. மூடியுள்ள சிறு பாத்திரம், சிமிழ் என்பது அதன் பொருள். குழந்தைகள் விளையாடும் மரச்செப்பும் அதே சொல்தான். திருக்குறளின் உட்பகை அதிகாரத்தில் ஒரு குறள், மனம் பிரிந்தும் ஒன்றாகத் தோன்றும் குடும்பத்துக்குச் செப்பையும் அதன் மூடியையும் உவமை சொல்கிறது. பார்வைக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. மாயப் பெட்டி செய்யும் தச்சருக்கு இதைவிடச் சுருக்கமாக வேலையை விளக்க முடியாது.

சென்னையில் 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு முதியவர் அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். ஆங்கிலேயர் அவர் பெயரைச் 'சேஷால்' என்று எழுதி வைத்தனர். 1832-இல் லண்டன் வார இதழ் ஒன்றில் அந்தக் காட்சி படத்தோடு வெளிவந்தது. அவரிடம் இருந்தவை மூன்றே பொருள்கள்: பித்தளை நட்சத்திரங்கள் பதித்த ஒரு சிறு மரப்பலகை, ஒரு மூங்கில் தண்டு, சுருட்டிய மான்தோல். உதவியாளர்கள் போர்வையைப் பிடித்து மறைப்பார்கள். போர்வை விலகும்போது அவர் தரைக்கு மேலே சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். ஒரு கை மட்டும் மான்தோலின் மேல் லேசாகப் படிந்திருக்கும்.

பின்னர் ஆராய்ந்தவர்கள் கொடுத்த விளக்கம் இது. நட்சத்திரம் அழகுக்குப் பதித்ததல்ல, அதன் நடுவே ஒரு துளை உண்டு. மூங்கிலுக்குள் இரும்புக் கம்பி மறைந்திருந்து அந்தத் துளையில் இறங்கும். அங்கிருந்து ஒரு கிளை மான்தோலுக்குள் திரும்பி, ஆடைக்குள் இருக்கும் இருக்கையைத் தாங்கும். ஃபிரான்சின் ரோபேர் ஊதேன் 1847-இல் இதே வகை ஏற்பாட்டில் தம் மகனை மேடையில் கிடைமட்டமாக மிதக்கவிட்டுப் புகழ்பெற்றார்.

கணக்குப் போட்டால்தான் இதன் கடினம் புரியும். 60 கிலோ எடையுள்ளவர் கம்பியிலிருந்து அரை மீட்டர் தள்ளி அமர்ந்தால், 30 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் நீளக் கோலின் நுனியில் தொங்கவிட்டதற்குச் சமமான திருப்புவிசை அந்த ஒரே பொருத்தின் மேல் விழுகிறது. கம்பி வளையக் கூடாது, துளை தளரக் கூடாது, பலகை கவிழவும் கூடாது. வித்தையின் முழுப் பாரமும் அலங்காரமாகத் தெரியும் அந்த இடத்தில்தான் இறங்குகிறது.

இன்றைய பெட்டிகளிலும் அதே சூத்திரம்தான். ஆள் மறையும் மேடைப் பலகையின் விளிம்பு மெல்லியதாக இருக்கும். கண் அந்த விளிம்பைப் பார்த்துத்தான் கனத்தை அளக்கிறது. அடிப்பக்கம் உள்நோக்கிச் சரிவாக இறங்குவதைக் கவனிப்பதில்லை. உட்புறத்துக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பூச்சும், வெளியே வண்ணப் பட்டைகளும் பூசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1965-இல் ராபர்ட் ஹார்பின் உருவாக்கிய 'ஸிக் ஸாக்' பெட்டியில், பெண்ணின் நடுவுடல் தனியே பக்கவாட்டில் நகரும். அதன் கறுப்பு விளிம்புகள் பெட்டியை உள்ளதைவிடக் குறுகலாகக் காட்டுகின்றன.

சரி, பேராக்கில் இதற்கு என்ன மரம்? கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பால்மரம். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பால் வற்றிய மரத்தை, அதாவது 25, 30 ஆண்டுகள் ஆனதை, முன்பெல்லாம் வெட்டி விறகாகவே எரித்தார்கள். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய காலத்தில், அதே மரம் மேசை நாற்காலியாகி வெளிநாடுகளுக்குப் போனது. வெளிர் நிறம், சாயத்தை நன்றாக ஏற்கும், இழைத்தால் வழவழப்பாக வரும். ஆனால் வெட்டியதும் போரான் மருந்து ஏற்றி உலர்த்தாவிட்டால் நீலம் பாரித்து, வண்டு துளைத்து, மாவாக உதிரும். பழைய தோட்டத்தில் கிடந்த கட்டையை இலவசமாகக் கிடைத்ததென்று பெட்டிக்குப் போடுவது ஆபத்து. ஆணி அடிக்கும் முன் துளையிடாவிட்டால் பிளக்கவும் செய்யும்.

எடையும் ஒரு தொல்லை. நாலுக்கு எட்டு அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றே ஏறக்குறைய 30 கிலோ. அதனால் சட்டத்துக்குப் பால்மரம், பக்கங்களுக்கு 6 அல்லது 9 மில்லிமீட்டர் பிளைவுட் என்று பிரிப்பது வழக்கம். ஈப்போவின் மழைக்கால ஈரத்தில் பட்டறையில் கனகச்சிதமாகப் பொருந்திய ரகசியக் கதவு, ஏர்கோன் அறையில் சில வாரம் இருந்தால் சுருங்கி இடைவெளி காட்டும். எதிர்மாறாகவும் நடக்கும்: இடைவெளியே விடாமல் செய்த கதவு ஈரத்தில் ஊதிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஆள் இருக்கும்போது பிடித்துக்கொண்டால் அது வித்தைக் கோளாறு அல்ல, விபத்து.

இங்கேதான் படத்தைப் பார்த்து நகலெடுப்பதில் உள்ள சிக்கல் வருகிறது. காணொளியில் தெரிவது வெளித்தோற்றம் மட்டுமே. உள்ளே எங்கே மூச்சுக்காற்று வருகிறது, எந்தக் கீல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பது தெரியாது. ஹார்பின் தம் வித்தைகளை 1970-இல் 500 பிரதிகள் மட்டுமே அச்சிட்ட நூலில் வெளியிட்டு, வாங்கியவர்களுக்கு அந்தப் பெட்டியைச் செய்யும் உரிமையையும் கொடுத்தார். அளவுகளோடு வாங்கிச் செய்வதற்கும் குத்துமதிப்பாகச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு, உள்ளே படுப்பவருக்குத்தான் முதலில் தெரியும். பள்ளி விழாவில் அது பெரும்பாலும் ஒரு மாணவியாகவோ தம்பியாகவோ இருக்கும்.

ஆகவே பெட்டியை வாங்குபவரோ செய்யச் சொல்பவரோ சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். எல்லாத் தாழ்ப்பாளும் உள்ளிருந்து ஒரே கையால் திறக்கிறதா? மூடிய நிலையில் காற்று வர வழி உண்டா? ஆளின் எடையைப்போல் இரு மடங்கு மணல் மூட்டை ஏற்றி ஒரு நாள் வைத்துப் பார்த்தார்களா? உட்புறத்தில் ஆணி முனை, சிராய் ஏதும் இல்லாமல் உப்புத்தாள் போட்டார்களா? கடைசிக் கேள்விக்கு விடை காண வெறுங்கையை உள்ளே விட்டு ஒருமுறை தடவிப் பார்த்தாலே போதும்.